சூடானால் செல்ஃப் எடுக்காத 800: நாலு வோல்ட் எங்கே போனது?

அப்பாவின் மாருதி 800, 1999 மாடல், கார்புரேட்டர் வண்டி. தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில், மேலே கூரை மட்டும் போட்ட ஷெட்டில் 25 வருஷமாக நிற்கிறது. இந்த ஊர்க் காற்றில் ஜன்னல் கம்பிகூட சீக்கிரமே பொருக்குத் தட்டிவிடும். அந்தக் காற்றில் இத்தனை வருஷம் இருந்த ஒயர்கள் என்ன ஆகியிருக்கும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காததால் இரண்டு மாதம் அலைந்தேன். என்னென்ன பார்த்தேன், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வந்தது என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இதே தொல்லையோடு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாகைக்குளம் தாண்டி ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பணம் கொடுத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு 'டக்'. டேஷ்போர்டு விளக்கு எல்லாம் எரிகிறது, ஹாரன் கணீரென்று அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. பங்கில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது எங்கும் இன்ஜினை அணைக்கவில்லை. மறுநாள் காலையில் ஷெட்டில் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது.

தள்ளினால் உடனே பிடிக்கிறது என்றால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் வருகிறது, இன்ஜினில் கோளாறு இல்லை. அதனால் கார்புரேட்டர், பிளக் பக்கம் போகவே இல்லை. நான் சரியாகச் செய்த முதல் காரியம் அது.

இரண்டாவதாகச் செய்தது சரியில்லை. நேராக பேட்டரி கடைக்குப் போனேன். பேட்டரிக்கு நாலு வயது ஆகியிருந்தது, கடைக்காரர் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்து வீக்காக இருக்கிறது என்றார். அது உண்மையும்தான். புதுசு மாட்டினேன். இரண்டு வாரம் தொல்லை இல்லை. மூன்றாவது வாரம் மார்க்கெட்டில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வந்தால் மறுபடி அதே 'டக்'. புது பேட்டரியின் கூடுதல் தெம்பு கோளாறைக் கொஞ்ச நாள் மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். டைனமோ காலத்திலிருந்து இந்த வேலை பார்ப்பவர். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். தரையில் வைத்து, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜம்பர் ஒயரில் பேட்டரி கொடுத்தார். பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் படீரென்று வெளியே வந்தது, மோட்டார் விர்ரென்று சுற்றியது. பிரித்து கார்பன் பிரஷ்ஷையும் பார்த்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு தம்பி. இத மாத்தச் சொன்னா உங்க காசு வீணாப் போவும். வண்டி எப்ப மக்கர் பண்ணுதோ அப்ப மீட்டர வச்சுப் பாருங்க. இங்க கொண்டாந்து தரையில போட்டு ஓட்டுனா எல்லா மோட்டாரும் ஓடத்தான் செய்யும்" என்றார்.

'வண்டி மக்கர் பண்ணும்போது' என்று அவர் சொன்னதை அன்றைக்கு நான் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. அதன் அர்த்தம் புரிய இன்னும் மூன்று வாரம் ஆனது.

மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டு, எந்த வழியாக எது போகிறது என்று தாளில் வரைந்து பார்த்தேன். செல்ஃபுக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று தடிப்பாதை: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கைவிரல் தடிமன் ஒயர் நேராக, செல்ஃப் மோட்டார் மேலேயே இருக்கும் மின்காந்த ஸ்விட்சான சோலனாய்டின் பெரிய போல்ட்டுக்கு வரும். சோலனாய்டுக்குள் இருக்கும் செப்புத் தட்டு இணைத்ததும் மோட்டாருக்குப் போகும். அங்கிருந்து இன்ஜின் பாடி, எர்த் ஒயர் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும். 100 ஆம்பியர் அளவில் கரண்ட் ஓடுவது இதில்தான். இன்னொன்று மெல்லிய பாதை: பேட்டரியிலிருந்து சாவி ஸ்விட்சுக்குப் போய், சாவியைத் திருப்பியதும் அங்கிருந்து சோலனாய்டின் சின்ன முனைக்கு வரும். இதன் வேலை, சோலனாய்டு சுருளுக்கு கரண்ட் கொடுத்து உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுப்பது. தண்டு முழுக்க இழுபட்டால்தான் பினியன், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லில் கோத்து, செப்புத் தட்டும் ஒட்டும்.

செல்ஃப் எடுக்காத வண்டியில் எந்தப் பாதை கெட்டிருக்கிறது என்று ஓரளவு சத்தத்திலேயே தெரியும். சத்தமே இல்லை என்றால் மெல்லிய பாதையில் கரண்ட் வரவில்லை. 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் லூசாக இருக்கும்: தட்டு ஒட்டியதும் வோல்ட் விழுந்து சோலனாய்டு விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு 'டக்' என்றால்தான் குழப்பம். மோட்டார் இறுகியிருக்கலாம், செப்புத் தட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது தண்டு பாதி தூரம் வந்து நின்றிருக்கலாம்.

இதைப் பிரித்தறிய மீட்டர்கூட வேண்டாம். இரவில் ஹெட்லைட்டைப் போட்டு, வெளிச்சம் சுவரில் விழும்படி நிறுத்தி, சாவியைத் திருப்ப வேண்டும். மோட்டார் இறுகியிருந்தால் கரண்டை ஏகத்துக்கு உறிஞ்சும், வெளிச்சம் மங்கி மஞ்சளாகிவிடும். என் வண்டியில் 'டக்' என்று கேட்டபோது வெளிச்சம் லேசாகத்தான் அசைந்தது. அப்படியென்றால் பெரிய கரண்ட் ஓடத் தொடங்கவே இல்லை. இதையும் நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, தடிப்பாதையையே முதலில் சோதித்தேன். கையில் எளிதில் கிடைப்பது அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மல்டிமீட்டரில் பீப் வைத்து எர்த் ஒயரைப் பார்த்தேன். பீப் அடித்தது, ஓம் 0.0 என்று காட்டியது. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். மீட்டர் அனுப்புவது துளியூண்டு கரண்ட். செல்ஃப் கேட்பது 100 ஆம்பியர். 0.006 ஓம் தடை இருந்தாலே அங்கே 0.6 வோல்ட் போய்விடும், அந்த 0.006 ஓம் சாதாரண மீட்டரில் தெரியவே தெரியாது. அதனால் ஒயரைக் கழற்றி ஓம் பார்ப்பதில் பயனில்லை. கரண்ட் ஓடும்போது ஒயரின் இரண்டு முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல ஒயரில் அது ஏறக்குறைய பூஜ்யம். எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள்ளும், பிளஸ் பக்கம் 0.5-க்குள்ளும் இருந்தால் சரி என்பது பொதுவான கணக்கு.

இக்னிஷன் காயிலின் நடு ஒயரைக் கழற்றி எர்த் செய்தேன், இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். மனைவி சீட்டில் உட்கார்ந்து "திருப்பட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுத் திருப்ப, நான் பானெட்டுக்குள் குனிந்து மீட்டர் ஒயரின் முள்ளை வைத்தேன். சாவியைத் திருப்பும் முன் பேட்டரி 12.68. சுற்றும்போது 10.9, குறை சொல்ல முடியாத அளவு. பிளஸ் டெர்மினலிலிருந்து சோலனாய்டு பெரிய போல்ட் வரை 0.28. மைனஸ் டெர்மினலிலிருந்து இன்ஜின் பிளாக் வரை 0.62.

இந்த வண்டியில் மைனஸ் ஒயர் கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருக்கிறது. 12 ஆம் நம்பர் ஸ்பேனரை வைத்ததும் போல்ட் கிறீச்சென்று அழுதுகொண்டு கழன்றது. ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்குக்கு மேலே இருந்த கறுப்பு உறையை பிளேடால் இரண்டு அங்குலம் கீறி விரித்தேன். உள்ளே செப்பு நிறமே இல்லை. வெளிர்பச்சைப் பொடி, திருநீற்றைப் போல விரலில் ஒட்டியது. ஒயரை மெல்ல முறுக்கினேன், இழைகள் ஒவ்வொன்றாகப் பொடிந்து விழுந்தன. வெளியே பார்த்தால் உறை புதுசு போல இருக்கிறது. லக்கின் வாய் வழியாகக் காற்றின் ஈரமும் உப்பும் உள்ளே ஏறி உள்ளேயே தின்றிருக்கிறது. வண்டி செய்தவர்களை இதற்குக் குறை சொல்ல முடியாது. ஒரு ஒயருக்கு 25 வருஷம் கடலோரத்தில் இருப்பது பெரிய ஆயுசு.

அண்ணாச்சி கடையில் புது ஒயர் செய்து வாங்கினேன். லக்கை அழுத்தியதோடு விடாமல், ஈயம் ஓட்டி, வாய்ப்பக்கம் பசை உள்ள, சூட்டில் சுருங்கும் உறை போட்டுக் கொடுத்தார். போல்ட் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பிறகு அளந்தால் 0.09. செல்ஃப் சுற்றும் வேகமே மாறிவிட்டது, காதால் கேட்டாலே தெரியும். முடிந்தது என்று நினைத்து நோட்டை மூடினேன்.

எட்டாவது நாள் பேருந்து நிலையம் போய்விட்டுத் திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். 'டக்'.

அன்று எனக்கு எரிச்சலை விட வருத்தம்தான் அதிகம். அப்பா இருந்தவரை இந்த வண்டி ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: நான் எடுத்த அளவு எல்லாமே காலையில், ஆறிய இன்ஜினில், ஷெட்டில் எடுத்தவை. கோளாறு வருவதோ சூட்டில். அண்ணாச்சி சொன்னது இதைத்தான். அவர் கடைத் தரையில் சுற்றிக் காட்டிய மோட்டாரும் ஆறிய மோட்டார்தான். இன்னொன்றும் தெரிந்தது. ஹெட்லைட் சோதனை மெல்லிய பாதையைப் பார் என்று அன்றே சொல்லியிருக்கிறது, நான் கேட்கவில்லை. எர்த் ஒயர் கெட்டிருந்தது நிஜம், ஆனால் அது வேறு கோளாறு. ஒரே வண்டியில் இரண்டு இருந்திருக்கின்றன.

அடுத்த ஞாயிறு மதியம், வேண்டுமென்றே வெயில் நேரத்தில், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினேன். பானெட்டைத் திறக்காமல் பத்து நிமிஷம் விட்டேன். இன்ஜின் நின்றதும் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்றுவிடும், அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சோலனாய்டு மேலும் சூடாகும். பிறகு மீட்டரின் ஒரு முள்ளை சோலனாய்டு சின்ன முனையில், இன்னொன்றை மோட்டார் பாடியில் கிளிப் போட்டு, மனைவியைத் திருப்பச் சொன்னேன்.

'டக்'. மீட்டரில் 7.9. அந்த நேரம் பேட்டரியில் 12.3. நாலே கால் வோல்ட்டுக்கு மேல் வழியில் போயிருக்கிறது.

உறுதி செய்ய, தடித்த ஒயர்த் துண்டு ஒன்றை பேட்டரி பிளஸ்ஸிலிருந்து அந்தச் சின்ன முனையில் ஒரு நொடி தொட்டேன். அதே சூட்டில் செல்ஃப் பாய்ந்து சுற்றியது. இதைச் செய்பவர்கள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று தாங்களே கையால் அசைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கியரில் இருந்தால் வண்டி நம் மேல் ஏறும். பொறியும் பறக்கும், பேட்டரி மூடிப் பக்கம் தொடாதீர்கள்.

இனி அந்த 4.4 வோல்ட் எந்த இடத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் ஒயர் எட்டாது. மூன்று மீட்டர் நீள ஒயரில் முதலைக் கிளிப் வைத்து நீட்டிக்கொண்டேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் சாவி ஸ்விட்சின் பிளக் தெரிகிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஸ்விட்சுக்குள் நுழையும் ஒயர் வரை 0.9. ஸ்விட்சுக்குள் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே 2.6. அங்கிருந்து சோலனாய்டு வரை 0.9. கூட்டினால் சரியாக 4.4. கணக்கு நேர்பட்ட அந்த நிமிஷம் கிடைத்த நிம்மதிக்கு ஈடில்லை. இரண்டு மாதம் ஊகமாக இருந்தது, மூன்று எண்ணாக நோட்டில் இறங்கிவிட்டது.

ஸ்விட்சின் மின்பகுதியைக் கழற்றித் திறந்தேன். உள்ளே இருந்த கிரீஸ் பழைய வெல்லப்பாகு போலக் கறுத்து இறுகியிருந்தது. ஸ்டார்ட் நிலையில் தொடும் பித்தளைப் புள்ளியின் தலை கரியாகி, நடுவில் குழி. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் சோலனாய்டின் முழு கரண்டும் இந்தக் கடுகளவு புள்ளி வழியாகத்தான் போயிருக்கிறது.

காலையில் எடுக்கிறது, சூட்டில் எடுக்கவில்லை, ஏன்? சோலனாய்டுக்குள் இருப்பது செப்புக் கம்பிச் சுருள். செம்பு சூடானால் அதன் தடை ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் 23 சதவீதம் அளவுக்குக் கூடிவிடும். தடை கூடினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் இழுக்கும் பலம் குறையும். ஒயரிலும் ஸ்விட்சிலும் தடை எப்போதும் இருந்திருக்கிறது. காலையில் தண்டை இழுக்க மட்டும் மயிரிழையில் போதுமாக இருந்தது. சூட்டில் அந்த மயிரிழை போய்விட்டது.

காலையிலேயே சின்ன முனையை அளந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று பின்னால் பார்த்தேன். ஆறிய நிலையில் சுற்றும்போது 8.9 காட்டியது. ஆளைக் குழப்பும் எண் இது. சோலனாய்டில் இரண்டு சுருள் உண்டு, ஒன்று இழுக்க, ஒன்று பிடித்து வைக்க. தட்டு ஒட்டியதும் இழுக்கும் சுருள் வேலையை விட்டுவிடும், கரண்ட் இறங்கும், வழியில் போகும் வோல்ட்டும் குறைந்து தெரியும். ஆக, இழுக்க முடியாமல் நிற்கும் நேரத்தில்தான் முழு இழப்பும் மீட்டரில் தெரியும். சூட்டில் அளக்க வேண்டும் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

ஸ்விட்சை மட்டும் மாற்றினால் 2.6 வோல்ட் திரும்பி வரும், ஒயரில் போகும் 1.8 அப்படியே இருக்கும். சில வருஷத்தில் புதுப் புள்ளியும் கரியாகும். அதனால் ரிலே போட்டேன். சின்ன கரண்டை வாங்கிக்கொண்டு பெரிய கரண்டை இணைத்துவிடும் மின்காந்த ஸ்விட்ச் அது. கடையில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே, சாக்கெட்டோடு. சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வந்த பழைய ஒயரைப் பிடுங்கி ரிலேயின் 86 என்று எண் போட்ட முனையில் கொடுத்தேன். 85 எர்த்துக்கு. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30 என்ற முனைக்கு ஒரு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87-இலிருந்து அதே அளவு ஒயர் சோலனாய்டு சின்ன முனைக்கு. இப்போது சாவி ஸ்விட்ச் சுமப்பது ரிலே சுருளின் கரண்ட் மட்டும், 0.15 ஆம்பியர் அளவு. பழைய ஒயர்த் தடை எல்லாம் அப்படியே இருந்தாலும் அந்தக் கரண்டில் அரைக்கால் வோல்ட்கூட விழாது. ஸ்விட்சுப் புள்ளியையும் சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்தேன்.

ரிலே மட்டும் நல்லதாக வாங்குங்கள். மட்டமானதில் உள்ளே புள்ளி ஒட்டிக்கொண்டால் சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்காகவே ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்தில், குனியாமல் கை எட்டும் இடத்தில் வைத்தேன். ரிலே சாக்கெட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மழைத்தண்ணீர் தேங்காது. ரிலே, சாக்கெட், ஃபியூஸ், ஒயர், லக் எல்லாம் சேர்ந்து 500 ரூபாய்க்குள் முடிந்தது.

மறுபடி அதே வெயில், அதே அரை மணி ஓட்டம், அதே பத்து நிமிஷம். சுற்றும்போது பேட்டரியில் 10.8, சின்ன முனையில் 10.4. மனைவி கேட்காமலேயே இன்னும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். மூன்று தடவையும் எடுத்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் ஆகிறது. திருநெல்வேலிக்கு ஆறு தடவை போய்வந்தோம். வாகைக்குளம் தாண்டி அதே பங்கில்தான் பெட்ரோல் போடுகிறேன், இன்ஜினை அணைத்துவிட்டு அம்மாவை இறக்கி டீயும் வாங்கிக் கொடுக்கிறேன். அண்ணாச்சியிடம் மூன்று எண்ணையும் காட்டினேன். நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "ஹெட்லைட்டுலயும் இதே மாதிரி பாத்தீங்களா?" என்றார்.

நேற்றிரவு பார்த்தேன். பேட்டரியில் 12.4, பல்ப் முனையில் 10.7. இன்னும் இரண்டு ரிலே வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வேலை அதுதான்.